கல்லில் உரித்த நார்



நடவாத செயலைக் 'கல்லில் நார் உரிப்பது' என்பர் நம் முன்னோர். ஆயினும் உண்மையாகவே நாராக உரியும் கல் ஒன்று உண்டு. அதுவே கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்று வழங்குவது. தீயில் வேகாது, மழையில் மக்காது. ஆதலின் அதனைச் சிமெண்டோடு கலந்து கூரைத் தகடுகளாக்கினர். எங்கள் ஸ்ரீவைகுண்டம் போன்ற ஆற்றங்கரை ஊர்களிலும் ஓலை நீங்கிய தொழுவங்களிலும் தாழ்வாரங்களிலும் அத்தகடுகள் ஏறின. எளியவர்க்கு அவை செய்த உதவி சிறிதன்று.

கேடு எங்கே உள்ளது? கல்நாரின் இழை கண்ணுக்குப் புலப்படாத நுண்மை உடையது. மூச்சோடு புகுந்து நுரையீரலில் தங்கினால் எளிதில் கரையாது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து நுரையீரலிலோ, அதனைப் போர்த்திய உறையிலோ புற்றுநோயாக வெளிப்படலாம்.

இது தொழிலாளர்க்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணற்க. தென் ஆப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில், உறைப் புற்றுநோய் கண்ட 33 பேரைப் பற்றி வாக்னர் என்னும் மருத்துவரும் அவர் துணைவர்களும் 1960-ஆம் ஆண்டில் எழுதினர். அவர்களுள் பலர் சுரங்கத்தில் உழைத்தவரே அல்லர். வீட்டு வேலை செய்த பெண்டிரும் கால்நடை மேய்த்தோரும் இருந்தனர். இளமையில் சுரங்கத்தின் அருகே வாழ்ந்தது ஒன்றே அவர்களுக்கு வினையாயிற்று.

நம் நாட்டிலும் சான்று உண்டு. ஜார்க்கண்டு மாநிலத்துச் சாய்பாசாவுக்கு அருகே, ரோரோ மலையில் இயங்கிய கல்நார்ச் சுரங்கம் 1983-இல் மூடப்பட்டது. சுரங்கம் மூடிற்று, சரிவில் கொட்டிய கழிவோ மூடப்படாமல் கிடந்தது. மழை அதனை வயலுக்கு இழுத்தது. சிறுவர்க்கு அது விளையாட்டு மேடாயிற்று.

அப்படியானால் நாளையே கூரையைப் பிரிக்க வேண்டுமா? வேண்டா. பழுதுபடாத தகட்டில் இழை சிமெண்டோடு பிணைந்து கிடக்கிறது. அறுத்தாலும், துளையிட்டாலும், உடைத்தாலும், நாட்பட்டுச் சிதைந்தாலுமே அது காற்றில் கலக்கும். ஆகவே பாசி நீக்கக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். உடைந்த சில்லுகளை இடித்துப் பாதையில் பரப்பாதீர்கள். தகட்டை இறக்க நேர்ந்தால் நீரால் நனைத்து, முழுதாக இறக்கச் சொல்லுங்கள். புகைப்பழக்கம் வேண்டவே வேண்டா. அதுவும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரற் புற்றுநோய்க்கு இடம் பன்மடங்கு பெருகும்.

உங்களில் சிலர் நாளை பொறியாளராவீர்கள். சிலர் ஊராட்சியை நடத்துவீர்கள். ஒரு தொழிலின் ஆதாயத்தைக் கணக்கிடும்போது, அது விட்டுச்செல்லும் தூசியையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் சுவாசித்த தூசிக்கு ஐம்பது வயதில் விலை கொடுக்கும் நிலை, எந்தச் சிற்றூர்ப் பிள்ளைக்கும் வரலாகாது.