முன்ஷியின் பணிவும் பாதிரியாரின் பிடிவாதமும்

மூத்த அறிஞர்கள் முன்வரிசையில் இருக்க, தலைமை நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். மறுத்துப் பார்த்தேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம்.

மலாய் மரியாதையைப் பிற இனத்தார் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது கருத்தரங்கின் பொருள். கட்டைவிரலால் சுட்டுவது, பெரியவர்களைக் கடக்கும்போது குனிந்து போவது, சலாம் கொடுத்த கையை நெஞ்சில் வைப்பது எல்லாம் நீங்கள் அறிந்தவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பசியில்லாத விருந்தாளி, நீட்டிய தட்டின் விளிம்பை வலக்கையால் தொட்டால் போதும்; விருந்தை மதித்ததாக ஆகிவிடும். நம்மவர், "வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று கையை ஆட்டிவிடுவார். வீட்டுக்காரரின் புன்னகை மாறாது. 'அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க' என்று நாமும் வந்துவிடுகிறோம். நினைத்துக்கொள்வார்கள்.

மலாய்க்காரர் சோம்பேறி என்ற காலனியக் கதையை சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977-இல் உடைத்தார். 'விட்டுக்கொடுத்தே கெட்டார்கள்' என்ற கதையை யாரும் உடைக்கவில்லை. 1970-இல் வந்து, 1981 வரை தடையில் இருந்த மகாதீரின் 'மலாய் டைலமா' அதற்கு வலுவே சேர்த்தது. பணிவைப் பலவீனமாகப் படிக்கும் பழக்கம் இன்றும் நம் கட்டுரைகளில் தொடர்கிறது.

இதற்கு மறுப்பாக நான் காட்டுவது 1849-இல் அச்சான 'ஹிகாயத் அப்துல்லா' என்ற தன்வரலாறு. மலாய் அரசர்களை முன்ஷி அப்துல்லா சாடிய பக்கங்களையே எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தாம்சன் பாதிரியார் வரும் பக்கங்களை மொழிபெயர்ப்பு வரலாற்றுக்காரர்களுக்கு விட்டுவிட்டோம். விவிலியத்தை மலாயில் பெயர்க்கும்போது, இது மலாய் நடையே அல்ல என்று முன்ஷி எடுத்துச் சொல்கிறார். பாதிரியார் கேட்பதாயில்லை. சம்பளம் கொடுப்பவர் அவர். முன்ஷி அடங்கிப் போகிறார். பிறகு, அந்தப் பிழைகள் தன்னுடையவை அல்ல என்று ஊரறியத் தன் நூலில் எழுதி வைக்கிறார். முகத்துக்கு நேரே பணிவு, தீர்ப்பில் தளர்வில்லை. பலவீனர் செய்கிற காரியமா இது?

பல ஆண்டுகளுக்கு முன் இதை எழுதினேன். அப்துல்லா மலாய்க்காரரே அல்லர், அவர் சாட்சி செல்லாது என்று நண்பர் ஒருவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். அவர் இன்று வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அப்துல்லாவின் கொள்ளுத்தாத்தா நாகூரில் மணம்புரிந்த ஏமன் அரபியர். அப்துல்லாவும் சிறுவயதில் மலாக்காவில் தமிழ் படித்தவர். உண்மைதான். அதனால்தான் அப்துல்லாவைச் சாட்சிக்கு அழைக்கிறேன். பிறர் கற்றுத் தேறக்கூடிய நெறியை இனத்தின் இரத்தக் குணம் என்று எப்படிச் சொல்வது? வந்தேறிய குடும்பத்தில் பிறந்தவரின் சாட்சி செல்லாதென்றால், இன்று கட்டுரை வாசிக்க வந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர், நண்பர் உட்பட, எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.