கரித்தாரில் பிறந்த ஊதா
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



பெர்கின் வினையை நாமெல்லாம் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவர்கள். அந்த வில்லியம் பெர்கின் 1856-ல் பதினெட்டு வயசுப் பையன். லண்டனில், வீட்டு லேப்பில், மலேரியாவுக்குக் குயினைன் செய்யப் பார்த்தார். வந்ததோ கறுப்புக் கசடு. ஆல்கஹாலில் கரைத்தால், அழகான ஊதா! பட்டில் ஏற்றினார், சலவைக்கும் தாங்கியது. சில வருஷத்தில் லண்டன் பெண்களுக்கு ஊதாப் பைத்தியமே பிடித்தது.

நமக்குச் சமன்பாட்டோடு கதை முடிந்துவிடும். வரலாற்றாசிரியர் ஆண்டனி டிராவிஸ் அப்படி விடவில்லை. 1993-ல் வந்த 'தி ரெயின்போ மேக்கர்ஸ்' நூலில் ஆலை, காப்புரிமை வழக்கு, துணி அச்சிடுவோர் என்று அந்தச் சாயத்தின் பின்னாலேயே போகிறார். இன்ஜினியர்கள் கட்டாயம் படிக்கணும் சார்.

எனக்கு உறுத்துவது 1869. அந்த வருஷம் கரித்தாரிலிருந்து அலிசரின் செய்தார்கள். நம்ம சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின்தான். ஆலைச் சரக்கு மலிவாக வந்து இறங்க, மணலில் வேர் தோண்டிய குடும்பங்களின் பிழைப்பு மெல்லப் போயிற்று. மகசூல் கணக்குப் போடும் நம் நோட்டில் அவர்களுக்குக் காலமே கிடையாது.

செடி மட்டும் இருக்கிறது. இம்பூறல் என்று சித்த வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள், எடுத்துக் காட்டுவார்.