பனை ஏறும் கைக்கு உரிமம்

(கும்மிடிப்பூண்டி வட்டார ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பேச என்னிலும் தகுதி வாய்ந்த தோழர்கள் இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். நான் பேச வந்தது, தொழிற்பேட்டையின் மதிலுக்கு வெளியே வரப்போரத்தில் நிற்கும் பனையையும், அதில் ஏறி இறங்கும் உழைப்பாளியையும் பற்றி. பொன்னேரி, பழவேற்காடு, ஆரம்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் பனை நிற்கிறது. ஏறுகின்றவர்தாம் அருகி வருகின்றனர். ஏன் அருகினர் என்று கேட்டால், "பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்" என்பார்கள். அது பாதி உண்மை. மறு பாதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

மரத்தில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று ஆள்வோர் விதிப்பது நேற்று வந்த வழக்கமன்று. பிராமணர்க்கு ஊர்களைத் தானம் செய்த சோழர் காலச் செப்பேடுகளில், தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்றொரு விதி காணப்படுகிறது. அதற்கும் முந்திய பல்லவர் காலத்திலேயே ஈழம்பூட்சி என்ற பெயரில் கள்ளிறக்குவோரிடம் வரி தண்டினர். திருவிதாங்கூர் மன்னர்கள் ஏணிக்காணம் என்று, ஏறும் ஏணிக்குக்கூட வரி போட்டனர். வெள்ளையன் வந்தான், 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் மரவரி, மரத்துக்கு உரிமம் என்று அதையே ஒழுங்குபடுத்தி வைத்தான். மன்னன் போனான், வெள்ளையன் போனான், மரத்தடியில் நிற்கும் அதிகாரி மட்டும் போகவில்லை.

மதுவிலக்கின் கதை உங்களுக்குத் தெரியும். 1937-இல் இராசாசி அமைச்சரவை சேலத்தில் தொடங்கியது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் கள்ளுக்கடைகள் மீண்டும் திறந்தன, 1987 ஜனவரி முதல் நாள் மூடப்பட்டன. கள்ளை மூடிய அரசு, 1983-இல் தான் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனத்திடம் 2003-இல் சில்லறை மது விற்பனை முழுவதையும் ஒப்படைத்தது. கள்ளில் இருக்கும் போதைப்பொருள் நூற்றுக்கு நான்கோ ஐந்தோ. அரசுக் கடையின் புட்டியில் 42.8. எது ஏழையின் குடலை அரிக்கும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கள்ளுக்கடையைத் திறக்க வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்கு நான் இன்று வரவில்லை. பெரியார் காங்கிரசில் இருந்த நாளில், மறியலுக்கு முன்னோடியாகத் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளைத் தாமே வெட்டிச் சாய்த்தார். பிற்காலத்தில் சட்டத்தால் மதுவை ஒழிக்க முடியாது என்று அவரே பேசினார். தம் மரத்தை வெட்டினாரே ஒழிய, அடுத்தவன் மரத்தடியில் காவலரை நிறுத்தச் சொன்னவரல்லர்.

நான் கேட்பது பதநீரைப் பற்றி. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அது புளித்துக் கள்ளாகும். 1937-இன் மதுவிலக்குச் சட்டம் கள்ளுக்காகப் பாளை சீவுவதையே குற்றமாக்குகிறது. சீவ விட்ட மரத்துக்காரரையும் விட்டுவைக்கவில்லை. பதநீருக்கு விலக்கு உண்டு, நிபந்தனைகளோடு. ஆக, ஒருவர் தொழிலாளியா குற்றவாளியா என்பது ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது. அதைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் எது? காவலரின் மூக்கு! வெயிலேறிய பிறகு எந்தக் கலயத்தை மோந்தாலும் கொஞ்சம் புளிப்பு அடிக்கத்தான் செய்யும். அறுபது அடி உயரத்தில் இடுக்கியும் பாளை அரிவாளுமாய்த் தொங்குகிறவர், கீழே யார் வருகிறார் என்று பார்த்துக்கொண்டே சீவ வேண்டிய நிலை.

பதநீர்க் கலயத்தை மோந்து பார்த்த அதே நாட்டில்தான் 2023-இல் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும், 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் குடித்து மக்கள் மாண்டனர்; கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர். மெத்தனால் பனையில் இறங்குவதில்லை. தொழிற்சாலைகளுக்கான இரசாயனம், சாலை வழியே போவது. தொழிற்பேட்டையில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உரிமம் கொடுத்துத்தான் பார்த்தார்களே என்று சிலர் கேட்கலாம். 2017-இல் தென்னை நீராவுக்கு உரிமம் வந்தது. எவருக்கு? தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு. ஏறுகிறவர் அந்த நிறுவனத்தின் கூலி. இங்கிருந்து ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திரத்துத் தடாவுக்குப் போய்ப் பாருங்கள்; அங்கே கள்ளிறக்குவோரின் கூட்டுறவுச் சங்கத்துக்கோ, தனி ஒரு தொழிலாளியின் பெயரிலோ மரங்களுக்கு உரிமம் தருகிறார்கள். கேரளத்தில் 1969-லேயே கள்ளுத் தொழிலாளர் நல நிதிக்கென்று சட்டம் செய்துவிட்டனர். ஒரே பனை, ஒரே பாளை. எல்லைக் கல்லுக்கு அப்பால் தொழில்; இப்பால் வழக்கு.

மேலை நாடுகளிலும் மரவேலைக்கு உரிமம் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1919-இலிருந்தும், மேரிலாந்தில் 1945-இலிருந்தும் மரப் பராமரிப்பாளர் தேர்வெழுதி உரிமம் பெறுகிறார். அங்கும் அதைப் பற்றி முணுமுணுப்பு இல்லாமலில்லை. கட்டணம் கட்ட முடியாத சிறு தொழிலாளியை வெளியே தள்ளிவிடும் என்கின்றனர். நியாயமான அச்சமே. ஆனால் அந்த உரிமம் கேட்பது ஒரு கேள்வி: உனக்கு மரம் தெரியுமா? நம்மிடம் அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. கிராமணித் தெருவில் பிறந்த பையன் பத்து வயதில் தளைநார் கட்டிக் கற்றதை, எந்த அலுவலகம் மதிப்பெண் போட்டுப் பார்த்தது?

பயிற்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் "தென்னை மரத்தின் நண்பர்கள்" என்று ஆறு நாள் பயிற்சியும் ஏறும் கருவியும் காப்பீடும் கொடுத்தது. அது நல்ல முயற்சி. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர் வீட்டைப் பார்த்தவர்களுக்குக் காப்பீட்டின் அருமை தெரியும். நாம் மறுப்பது ஒன்றுதான். காப்பாற்றுவதற்கு ஒரு சீட்டு, பிடிப்பதற்கு ஒரு சீட்டு என்று இரண்டையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள்.

2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்றது. பனை விதை நடவும் பணம் ஒதுக்கியது. வரவேற்கிறோம். என்றாலும் ஏற ஆளில்லாத பனையால் மரத்துக்காரருக்கு என்ன வருமானம்? செங்கற்சூளைக்காரர் வந்து விலை பேசும்போது அவர் எவ்வளவு நாள் மறுப்பார்? மரத்தைக் காக்க ஆணை போட்டவர்கள், மரத்தைக் காக்கும் மனிதரை மறந்துவிட்டனர்.

ஆகவே நம் கோரிக்கை இது. பனை ஏறுவோரின் பதிவைப் பனைமரத் தொழிலாளர் நல வாரியமே வைத்துக்கொள்ளட்டும். ஊராட்சியின் சான்று போதும், காவல் நிலையத்தின் சான்று வேண்டாம். அந்த அட்டை உள்ளவரின் கலயத்தை, ஆய்வுக்கூட முடிவு வருமுன் உடைக்கவோ, அவரைக் கைது செய்யவோ கூடாது. கட்டணம் ஒரு காசும் கூடாது. அட்டையோடு காப்பீடு தானாகவே வர வேண்டும்.

தை பிறந்தால் பாளை கட்டத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் இன்னும் ஏறுகிறவர் எத்தனை பேர், ஏறி நிறுத்திக்கொண்டவர் எத்தனை பேர், வழக்கில் மாட்டியவர் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்க வேண்டும். எளாவூர், ஆரம்பாக்கம் கிளைகள் முதலில் தொடங்கட்டும். மாலையில் போகாதீர்கள், அவர்கள் மரத்தில் இருப்பார்கள்; நடுப்பகலில் போங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் திருவள்ளூருக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு, நாம் சேர்ந்தே போவோம்.