வண்டியின் பெயர் மாறினால் நம் கூலி குறைகிறது

(நமது சங்கத்தின் சார்பில் வடமாலபேட்டையில் நடந்த ரயில் பிரயாணிகள் கூட்டத்தில், ரயில்வே குமாஸ்தாவும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. பத்தாவது முடித்து, ரயில்வேயில் கடைநிலை வேலையில் சேர்ந்து, பிறகு பரீட்சை எழுதி டிக்கட் கவுண்டரில் உட்கார்ந்தவன். நீங்கள் கம்பிக்கு வெளியே நிற்கிறீர்கள், நான் உள்ளே இருக்கிறேன். நமக்குள் அவ்வளவுதான் வித்தியாசம். என் தகப்பனாரும் பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்தவர்தான்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கிய காலம். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். விடியற்காலை ஒரு அம்மா வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர், தலையில் சும்மாடு, கையில் தூக்குவாளி. வழக்கம்போல ஒரு பத்து ரூபாய் நாணயத்தை உள்ளே தள்ளினார். "முப்பது ரூபாய் அம்மா" என்றேன். "ஏன்ப்பா, அதே வண்டிதானே? அதே ஊர்தானே?" என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எக்ஸ்பிரஸ் கட்டணம், இருந்தால் கொடு, இல்லாவிட்டால் நகரு" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா நாணயத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். வண்டியும் போயிற்று. அன்றைய கூலியும் போயிருக்கும்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் நாடெங்கும் பிரயாணி வண்டிகள் நிறுத்தப்பட்டன. நோய்க்காலம், யாரும் குறை சொல்லவில்லை. மறுபடி விட்டபோது 'ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார்கள். வண்டி எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்தது. ஊருக்கு ஊர் நின்று போகிற சாதாரணப் பாசஞ்சர் வண்டிக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் என்றார்கள். பெட்டி அதே பெட்டி, பலகை அதே பலகை, நிற்கிற இடமும் அதேதான். பாசஞ்சரில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரஸில் 30 ரூபாய். கட்டண உயர்வு என்று யாரும் அறிவிக்கவில்லை. பட்ஜெட்டில் படிக்கவில்லை. வண்டியின் பெயரை மாற்றினார்கள், கட்டணம் தானாக மூன்று மடங்கு ஆயிற்று.

கணக்குப் போடுங்கள், தோழர்களே. போக 20 ரூபாய் அதிகம், வர 20 ரூபாய் அதிகம். நாளைக்கு 40. மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் ஆயிரம் ரூபாய். புருஷன் பெண்சாதி இருவரும் போனால் இரண்டாயிரம். ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு அதில் இருக்கிறது. சீசன் டிக்கட் எடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். சீசன் டிக்கட்டையும் அப்போது நெடுநாள் ஏற்கவில்லை. ஏற்றாலும், மாதம் முழுவதும் வேலை உண்டு என்று தெரிந்தவன்தானே முன்பணம் கட்டி சீசன் எடுப்பான்? நாளைக்கு மேஸ்திரி கூப்பிடுவானா மாட்டானா என்று தெரியாத கூலிக்காரன் அன்றன்றைக்குத்தான் டிக்கட் எடுப்பான். ஆக, சுமை முழுவதும் விழுந்தது யார் தலையில்? நிரந்தர வேலை இல்லாதவன் தலையில்.

இந்த அநியாயம் 2024 பிப்ரவரிக் கடைசி வரை நடந்தது. நாடு முழுவதும் பிரயாணிகள் சங்கங்கள் மனுக் கொடுத்தன, தொழிற்சங்கங்கள் பேசின, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. பிறகுதான் அந்த வண்டிகளில் பழைய பாசஞ்சர் கட்டணம் திரும்பியது. தேர்தல் வாசலில் நின்ற நேரம் அது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மனு கொடுத்துப் பயனில்லை என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். அந்த வருஷங்களில் வாங்கிய பணத்தை மட்டும் ஒருவரும் திருப்பித் தரவில்லை.

நம் சொந்தக்காரர்கள் பலர் மும்பையில், தாராவியிலும் கல்யாண் பக்கத்திலும் இருக்கிறார்கள். அங்கே நடந்ததையும் கேளுங்கள். 2022 ஆகஸ்ட் 19 அன்று மத்திய ரயில்வே பத்துக் குளிர்சாதன லோக்கல் நடைகளைப் புதிதாகச் சேர்த்தது. நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் கூடுதலாக விடவில்லை, சாதாரண வண்டிகளை எடுத்துவிட்டு அவற்றின் நேரத்தில் விட்டார்கள். சாதாரண லோக்கலில் குறைந்தபட்சம் 5 ரூபாய், குளிர்சாதன வண்டியில் அதைப்போல் பல மடங்கு. கதவு மூடிக்கொள்ளும், தொங்கிக்கொண்டு போகவும் வழியில்லை. அடுத்து வருகிற சாதாரண வண்டியில் இரண்டு வண்டிக் கூட்டம் ஏறியது. கல்வாவிலும் பத்லாபூரிலும் ஜனங்கள் திரண்டார்கள். ஆகஸ்ட் 25-ல் அந்தப் பத்து நடைகளையும் நிர்வாகம் திரும்பப் பெற்றது. ஆறே நாள்! அவர்கள் குளிர்சாதனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உனக்கு வேண்டியதைப் புதிதாக விடு, எங்கள் வண்டியில் கை வைக்காதே" என்றார்கள்.

நெரிசல் என்றால் சும்மா கசகசப்பு என்று நினைக்கிறார்கள் மேலே இருப்பவர்கள். 2025 ஜூன் 9 அன்று அதே பாதையில் மும்ப்ரா அருகே கூட்டம் பிதுங்கிய வண்டிகளிலிருந்து ஆட்கள் விழுந்தார்கள். உயிர்கள் போயின. காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள்.

சென்னையிலும் ஒரு பாடம் உண்டு. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் ஓடுகிறது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலாவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் அந்த வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று சொன்னார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29-ல். பதினாலு மாதம்! பாதை வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் நிறுத்துகிற நாளைச் சொல்கிறவன் திறக்கிற நாளையும் எழுத்தில் தர வேண்டும். நடுவில் ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்பதற்கும் அவனே பதில் சொல்ல வேண்டும்.

இனி நம் பாதைக்கு வருகிறேன். சென்னையையும் பம்பாயையும் 1871-ல் இணைத்த பழைய பாதை இது. அரக்கோணம், திருத்தணி, பொன்பாடி, நகரி, ஏகாம்பரகுப்பம், வேப்பகுண்டா, புத்தூர், தடுகுபேட்டை, பூடி, ரேணிகுண்டா. தறிக்காரர், கட்டட வேலைக்காரர், ஓட்டல் தொழிலாளி, பூக்காரி, திருப்பதியில் வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லோரும் இதில்தான் போய் வருகிறோம். 2023 செப்டம்பர் 24-ல் சென்னை–விஜயவாடா வண்டியாகத் தொடங்கிய வந்தே பாரத்தும் இதே தண்டவாளத்தில் ரேணிகுண்டா வழியாக ஓடுகிறது. ஓடட்டும், பொறாமை இல்லை. ஆனால் பெரிய வண்டிக்கு வழிவிட நம் பாசஞ்சரைப் பக்கத்துப் பாதையில் ஒதுக்கி நிறுத்துகிறபோது, உள்ளே இருப்பவனுக்கு மேஸ்திரி அரை நாள் கூலி பிடிக்கிறானே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. 1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாறித் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. புத்தூரும் நகரியும் ஆந்திராவில் நின்றன. சென்னைப் புறநகர் வண்டி திருத்தணியோடு நின்றுவிடுகிறது. நம் நிலம் ஆந்திராவில் இருக்கிறது. ஆனால் ரேணிகுண்டாவுக்கு இந்தப் பக்கம் உள்ள ஸ்டேஷன்கள் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் இருக்கின்றன. ரேணிகுண்டா போனால் குந்தக்கல் கோட்டம். சென்னையில் கேட்டால் "நீங்கள் ஆந்திரா" என்பார்கள், குந்தக்கல்லில் கேட்டால் "நீங்கள் சென்னை" என்பார்கள். இரண்டு வீட்டு விருந்தாளிக்கு இரண்டு வீட்டிலும் சோறில்லை. அதனால் மனுவை எங்கே கொடுப்பது என்று தெரிந்து கொடுங்கள். மூலப் பிரதி சென்னைக் கோட்ட மேலாளருக்கு, நகல் குந்தக்கல்லுக்கு. இந்த ஊர் சித்தூர் நாடாளுமன்றத் தொகுதி, திருத்தணி அரக்கோணம் தொகுதி. இரண்டு உறுப்பினர்களுக்கும் ஒரே மனு, ஒரே நாளில் போக வேண்டும்.

நிர்வாகத்தின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான் விற்ற டிக்கட்டிலேயே ஒரு வாசகம் அச்சாகி வந்தது: பிரயாணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்குக் கிடைக்கிறதாம். மீதியைத் தானம் செய்வதுபோல் பேசுகிறார்கள். பத்து ரூபாய் டிக்கட் எடுத்து வேலைக்குப் போகிறவன் அங்கே கட்டுகிற வீடு, நெய்கிற சேலை, சமைக்கிற சோறு எல்லாம் யாருக்குப் போகிறது? அவன் வாங்குகிற சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறான். ரயில் ஓடினால்தான் முதலாளிக்கு ஆள் கிடைக்கிறது. இந்தச் செலவை ஏழையின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமா? முதியோருக்கு இருந்த சலுகையையும், ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அது இன்னும் திரும்பவில்லை.

நம் கோரிக்கைகள் நான்கு. பாசஞ்சர் வண்டி பாசஞ்சராகவே இருக்க வேண்டும், பெயரை மாற்றிக் கட்டணம் ஏற்றக் கூடாது. வேலைக்குப் போகும் நேரத்து வண்டியையோ நிற்கும் ஊரையோ மாற்றுவதற்கு முன் அந்தந்த ஸ்டேஷனில் அறிவித்து ஜனங்களைக் கேட்க வேண்டும். திருத்தணியோடு நிற்கும் புறநகர் வண்டிகளில் சிலவற்றையாவது ரேணிகுண்டா வரை நீட்ட வேண்டும். முதியோர் சலுகையைத் திரும்பத் தர வேண்டும்.

இதற்கு நாம் என்ன செய்வது? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு பேர் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, வண்டி, வரவேண்டிய நேரம், வந்த நேரம். மூன்று மாதம் எழுதினால் போதும். "தினமும் தாமதம்" என்று கத்தினால் அதிகாரி சிரிப்பார், தொண்ணூறு நாள் கணக்கை மேஜையில் வைத்தால் சிரிக்க மாட்டார். இது கவுண்டருக்கு உள்ளே இருந்து நான் கற்றது. டிக்கட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கக் கட்டணம் பத்து ரூபாய்தான், அந்த அம்மா நீட்டினாரே, அதே பத்து ரூபாய். கோட்டத்தில் பிரயாணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. நம் மனு அங்கே பேசப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டவாளத்தில் உட்காரலாம் என்று ரத்தம் துடிக்கும். ரயில்வே சட்டம் 174-வது பிரிவு இருக்கிறது. வண்டியை மறித்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேசிய தலைவர் வீட்டுக்குப் போய்விடுவார். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த பையன்தான் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வாசலில் நிற்பான். பிளாட்பாரத்துக்கு வெளியே ஆயிரம் பேர் ஒழுங்காக நின்று மனுக் கொடுத்தால் அதற்கு அதிக பலம் உண்டு.

கடைசியாக ஒன்று. இது தமிழர் பிரச்சினை மட்டும் அல்ல. அதே பெட்டியில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற தெலுங்குச் சகோதரனும் அதே முப்பது ரூபாயைத்தான் கொடுத்தான். டிக்கட் மிஷின் யாருடைய தாய்மொழியையும் கேட்கவில்லை. ஆகவே மனு தமிழிலும் தெலுங்கிலும் இருக்கட்டும், கையெழுத்து இருவருடையதாகவும் இருக்கட்டும். பெண்கள் முன்னால் நிற்கட்டும், விடியற்காலை வண்டி தவறினால் என்ன ஆகும் என்று அவர்களைப்போல் வேறு யாரும் சொல்ல முடியாது.

அந்த அம்மாவை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்த்தால் மன்னிப்புக் கேட்பேன். "அதே வண்டிதானே?" என்று அவர் ஒருத்தியாகக் கேட்டார், நான் அதட்டினேன், நகர்ந்துவிட்டார். இனி அந்தக் கேள்வியை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். அதட்ட முடியுமா பார்க்கலாம்.

கையெழுத்து நோட்டு வாசலில் இருக்கிறது. போட்டுவிட்டுப் போங்கள்.