தியானமும் கலைக் கண்ணும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பௌத்தத் தியானம் இக்கால ஓவியத்திற்கும் புகைப்படக் கலைக்கும் எவ்வாறு ஊக்கம் தந்தது என்பது குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். பிள்ளைகளின் படிப்பும் வேலையும் பேசப்பட வேண்டிய மேடையில் ஓவியப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எழுதவும் படிக்கவும் கற்பதைப் போலவே பார்க்கக் கற்பதும் கல்வியே என்பது நம் கருத்து. அந்தக் கல்வி நமக்கு ஏன் இன்றியமையாதது என்பதை உரையின் முடிவில் கூறுவோம்.

தியானம் என்றவுடன் கண்ணை மூடி உலகை மறப்பது என்றே பலரும் கருதுகின்றனர். புத்தர் பெருமான் காட்டிய நெறி வேறு. மூச்சு உட்செல்வதையும் வெளிவருவதையும் அறிந்திருத்தல். நிற்கும்போது நிற்பதையும் நடக்கும்போது நடப்பதையும் அறிந்திருத்தல். விருப்பும் வெறுப்பும் உள்ளத்தில் எழும்போதே அவற்றைக் கண்டுகொள்ளுதல். சுருங்கச் சொன்னால், கண்ட பொருளோடு நம் கற்பனையைக் கலவாமல் காணும் பயிற்சி அது. இந்நெறி சீனத்தில் 'சான்' என்றும் ஜப்பானில் 'ஜென்' என்றும் பெயர் பெற்றது. இரண்டு சொற்களும் 'தியானம்' என்னும் சொல்லின் திரிபுகளே. ஜென் துறவியர் மையில் தோய்த்த தூரிகையால் ஒரே வீச்சில் வட்டம் வரைவதையும் ஒரு பயிற்சியாகவே கொண்டிருந்தனர். வரைந்தபின் திருத்த இயலாது. வரையும் நொடியில் உள்ளம் எந்நிலையில் இருந்ததோ அந்நிலையைக் கோடு காட்டிவிடும்.

இப்பயிற்சி 20ஆம் நூற்றாண்டில் மேலை நாட்டுக் கலைஞர்களை ஈர்த்தது. அமெரிக்க ஓவியர் மார்க் டோபி 1934ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள ஒரு ஜென் மடத்தில் சில காலம் தங்கித் தியானமும் தூரிகை எழுத்தும் பயின்றார். அதன்பின் அவர் தீட்டிய ஓவியங்களில் வெண்ணிறக் கோடுகள் நுண்ணிய பின்னலாகப் படர்ந்தன. அவற்றை 'வெள்ளை எழுத்து' என்று உலகம் அழைத்தது. நியூயார்க் நகரத் தெருவின் ஒளியையும் நெரிசலையும் அவர் அந்தக் கோடுகளாலேயே காட்டினார். மடத்தின் அமைதியைக் கொண்டு மாநகரின் இரைச்சலை வரைந்தார் என்பது எண்ணத்தக்கது. டோபி பஹாய் சமயத்தைச் சார்ந்தவர். பயிற்சியைப் பெறுவதற்கு அவர் தம் சமயத்தை விடவில்லை.

1950களில் ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜென் குறித்து உரையாற்றினார். கலைஞர் பலர் அங்கு வந்து கேட்டனர். அக்காலத்தில் ஜென் நூல்களையும் தாவோ நூல்களையும் விரும்பிப் பயின்றவருள் ஆக்னஸ் மார்ட்டின் என்னும் பெண் ஓவியரும் ஒருவர். கனடாவில் 1912இல் பிறந்தவர். மனநோயின் துன்பத்தையும் தாங்கியவர். 6 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட துணியில் பென்சிலால் மெல்லிய கோடுகளை வரைந்து, வெளிறிய வண்ணம் பூசுவார். தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். அருகில் சென்றால் கை நடுங்கிய இடம்கூடத் தெரியும். மனத்தில் ஒரு சிறிய படம் தெளிவாகத் தோன்றும் வரையில் அவர் வெறுமனே அமர்ந்து காத்திருப்பார். தோன்றிய பின்னரே அளவுகளைக் கணக்கிட்டுப் பெரிதாக வரைவார். புகழ் வந்துகொண்டிருந்த 1967இல் நியூயார்க்கை விட்டு நீங்கினார். சில ஆண்டுகள் தூரிகையையே தொடவில்லை. பின்பு நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் தம் கையால் வீடு கட்டி வாழ்ந்து மீண்டும் வரைந்தார். முதுமையில் 6 அடித் துணியைத் தூக்க இயலாதபோது 5 அடித் துணிக்கு மாறினாரேயன்றிப் பணியை நிறுத்தவில்லை. 2004இல் மறைந்தார்.

புகைப்படம் நொடியில் முடிவது. அதற்குத் தியானம் எதற்கு? இவ்வினாவுக்கு மைனர் வைட் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞரின் வாழ்க்கை விடை தருகிறது. இரண்டாம் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றித் திரும்பியவர் அவர். ஜென் முதலிய பல நெறிகளிலிருந்து தாம் கற்றவற்றை மாணவர்க்கு அளித்தார். பொருளின் முன் அசையாது அமர்ந்து, உள்ளம் அடங்கிய பிறகே காமிராவை இயக்குமாறு பயிற்றுவித்தார். எடுத்த படத்தைப் பார்ப்பதற்கு முன்பும் கண்மூடி உடலைத் தளர்த்தி, பின்பு கண் திறந்து நெடுநேரம் நோக்கச் செய்தார்.

ஹிரோஷி சுகிமோட்டோ 1948இல் டோக்கியோவில் பிறந்தவர். திரையரங்கில் காமிராவின் கண்ணை ஒரு திரைப்படம் முடியும் வரை திறந்தே வைத்துப் படம் எடுத்தார். அத்தனை காட்சிகளும் ஒன்று கலந்து, திரை வெறும் வெள்ளொளியாகப் பதிந்தது. தோன்றுவன யாவும் மறையும் என்னும் அநித்தியக் கொள்கைக்கு இதனினும் எளிய பாடம் உண்டோ! கியோத்தோவின் பழமையான கோயில் ஒன்றில் 1,001 போதிசத்துவர் திருவுருவங்கள் உள்ளன. அவற்றைப் படமெடுக்க அவர் பல ஆண்டுகள் அனுமதிக்குக் காத்திருந்தார். 1995இல், மின்விளக்குகளை அணைத்துவிட்டு, காலைக் கதிரொளி உள்ளே புகும் வேளையில் அவற்றைப் பதிவு செய்தார்.

இளைஞர்களே! இவர்கள் யாவரும் கற்றது ஒன்றே: முடிவு செய்யாமல் பார்த்தல். இது நமக்கு ஏன் வேண்டும்? சாதி என்பது பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடும் கண்ணோய். மனிதனைக் காணாது, அவன் மீது ஒட்டிய பெயரை மட்டும் காண்பது. குப்பை அள்ளிய சுனீதரைப் புத்தர் சங்கத்தில் சேர்த்துக்கொண்டாரே, அவர் அங்குக் கண்டது குப்பைக் கூடையை அல்ல, மனிதனை. இந்நோயால் துன்புற்ற நாம் அதே நோய்க்கண்ணால் நம்மையே பார்த்துக்கொள்ளலாகாது. நம்மினும் எளியவரையும் அவ்வாறு பார்க்கலாகாது.

நம் தெருக்கள் தீக்கிரையான மறுநாள்தான் நாளேடுகளின் படங்களில் இடம்பெற்று வந்துள்ளன. அப்படங்கள் வேண்டியவையே, எனினும் அவை மட்டும் நம் வாழ்வாகா. பறைத்தோலைத் தீயில் காய்ச்சும் பெரியவரின் கவனம், நாற்று நடும் தாயின் விரல், விளக்கடியில் படிக்கும் சிறுமியின் நெற்றி ஆகியவற்றை வரையவும் படமெடுக்கவும் நம்மைவிட உரிமையுடையவர் யார்? இன்று கைப்பேசியிலேயே காமிரா இருக்கிறது. குறைவது கருவியன்று, பொறுமையே. படமெடுக்கும் முன் பத்து மூச்சை எண்ணுங்கள். எதிரில் இருப்பவரின் இசைவைக் கேளுங்கள். அவரை இரங்கத்தக்கவராக்கவும் வேண்டா, அழகுபடுத்தவும் வேண்டா, அவராகவே இருக்க விடுங்கள்.

உள்ளதை உள்ளவாறு காண்பது உள்ளதை ஏற்றுக்கொள்வது ஆகாது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர் சமூகத்தைக் கூர்ந்து கண்டதனாலேயே அதனை மாற்ற முனைந்தார். நோயைக் காணாத மருத்துவன் நோயைத் தீர்ப்பதெங்ஙனம்?

ஆகவே, நம் கழகத்தின் படிப்பகத்தில் நூல்களுக்கு அருகே நம் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களும் எடுத்த படங்களும் இடம்பெறட்டும். பொன்விழா மலரின் பக்கங்களை நம் வீட்டுப் பிள்ளைகளின் படங்களே நிரப்பட்டும் என்று வாழ்த்தி அமைகின்றோம்.