வானொலிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?
(கிள்ளானில் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்னணுச் சாமான் என்றால் அது படித்தவர்கள் சங்கதி என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்க நமக்கு நியாயமில்லை. 1970-களில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் பால்வாளியை வைத்துவிட்டு, சுங்கைவே சுதந்திர வாணிப வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறினார்கள். தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கியில் பார்த்துப் பொருத்தியவை அவர்களைப் போன்றவர்களின் கைகள்தாம். செய்தவருக்கே செய்த பொருளின் பயன் தெரியாமல் இருக்கலாமா?

ஒரு பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

வண்ணக் கோடு போட்ட சிறு குச்சிபோல் இருப்பது ரெசிஸ்டர், அதாவது மின்தடை. அளவுக்கு மேல் மின்சாரம் பாயாமல் மட்டுப்படுத்துவது இதன் வேலை. கோடுகள் அலங்காரத்துக்கல்ல, அவை கணக்கு. பழுப்பு 1, கறுப்பு 0, மூன்றாவதாக வரும் சிவப்பு இரண்டு சுழியம். ஆக, 1,000 ஓம்.

அடுத்தது கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கி. மங்கில் பால் சேருவதுபோல் இதில் மின்சாரம் சேரும். வேண்டும்போது வெளியே வரும். கம்பிச் சுருளோடு சேர்ந்து நமக்கு வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுத்துத் தருவதும் இதுவே. ஓர் எச்சரிக்கை: பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் இதில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாமல் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது டையோடு. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருவது. டையோடு அதை ஒரே திசையில்தான் விடும். ஒளி தரும் டையோடும் உண்டு; இன்றைய எல்.இ.டி. விளக்கு அதுதான்.

நான்காவது டிரான்சிஸ்டர். குழாயின் திருகைச் சிறிது திருப்பினால் பெருந்தண்ணீர் வருகிறதல்லவா? அதுபோல் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைப்பது இது. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1958-இல் ஜாக் கில்பி என்பவர் பல உறுப்புகளை ஒரே வில்லையில் அமைத்துக் காட்டினார். இன்று நகமளவுச் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன.

தோழர்களே! ரெசிஸ்டரும் டையோடும் தனித்தனியே கிடந்தால் பாட்டு வராது. ஒரே பலகையில் இணைந்தால்தான் பெட்டி பேசும். தொழிலாளர் கதையும் அதுவே. தோட்டத் தொழிலாளர் 1954-இல் ஒரே தேசியச் சங்கமாக இணைந்தோம். மின்னணுத் தொழிலாளருக்கோ 1988-இல் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டுமே சங்கம் அமைக்க அனுமதி கிடைத்தது. வட்டாரச் சங்கங்களுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சங்கம் ஒரு கை என்றால் அறிவு மறு கை. சாமானைப் பொருத்த மட்டும் தெரிந்தவரை எளிதில் மாற்றிவிடலாம். பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரை அப்படி மாற்ற முடியாது. ஆகவே பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள், பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். விண்ணப்பத் தாள் நிரப்பத் தெரிந்த கிராணிமார் வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களுக்காக ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். கெட்டுப்போன வானொலி வீட்டில் இருந்தால் குப்பையில் போட வேண்டாம். பிள்ளைகளுக்கு அதுவே முதல் பாடப்புத்தகம். மின்கலத்தைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.