எழுதுகோலை எறிந்தவர்
(திங்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



1976ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. செருமனியில் அது அன்னையர் நாள். அன்று காலை இசுட்டுட்கார்ட்டு நகரின் இசுட்டாம்கைம் சிறையில் ஓர் அறையைத் திறந்த காவலர், துண்டைக் கிழித்துத் திரித்த கயிற்றிலே, பலகணிக் கம்பியில் ஒரு பெண்ணின் உடல் தொங்கக் கண்டனர். அவர்க்கு அகவை 41. இரண்டு பெண்மக்களுக்குத் தாய். ஒருகாலத்தில் அந்நாட்டின் சிறந்த இதழெழுத்தாளருள் ஒருவர் எனப் புகழப்பெற்றவர்; பின்னர் அதே நாட்டுக் காவல்துறையால் தெருவுக்குத் தெரு படம் ஒட்டித் தேடப்பட்டவர். உல்ரிக்கே மைன்கோப் என்பது அவர் பெயர்.

அவரைப் பேய் என்றனர் ஒருசாரார். ஈகி என்றனர் மறுசாரார். ஒரு வாழ்க்கையை மூடிவைப்பதற்கு இவ்விரு சொற்களும் உதவும், விளங்கிக்கொள்வதற்கு உதவா. மொழியையே உயிராகக் கொண்ட இவ்வவையில் அவ்வாழ்க்கையைப் பேசுதற்குத் தக்க கரணியம் உண்டு. அவருடைய வீழ்ச்சி முதலில் சொல்லிலே நேர்ந்தது. அதன் பின்னரே கையிலே நேர்ந்தது.

உல்ரிக்கே 1934 அக்தோபர் 7ஆம் நாள் வடசெருமனியின் ஓல்டன்பர்க்கு நகரிற் பிறந்தார். தந்தையார் கலைவரலாற்று அறிஞர். யேனா நகர அருங்காட்சியகத்தின் தலைவராய் இருந்தவர். அவர் 1940இல் புற்றுநோயால் மறைந்தார். தாயார் 1949இல் மறைந்தார். பதினான்கு அகவையில் இருவரையும் இழந்து நின்ற பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர், தாயாரின் தோழியும் வரலாற்றறிஞருமான இரெனேட்டு இரீமெக்கு அம்மையார். நூலும் வினாவும் நிறைந்த வீட்டிலே அவர் வளர்ந்தார்.

வீட்டிலே வினா இருந்தது, நாட்டிலோ விடையில்லை. இலக்கக்கணக்கான யூதரைக் கொன்று குவித்த இட்லரின் ஆட்சி 1945இல் வீழ்ந்தது. ஆயினும் அவ்வாட்சிக்கு ஊழியஞ் செய்த நடுவர்களும் அலுவலர்களும் ஆசிரியர்களும் பலர், சட்டையை மாற்றிக்கொண்டு பழைய நாற்காலிகளிலேயே மீண்டும் அமர்ந்தனர். 1933இல் நாசிக் கட்சியிற் சேர்ந்த கீசிங்கர், 1966இல் மேற்குச் செருமனியின் தலைமையமைச்சரே ஆனார். "அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மக்கள் கேட்டால், பெற்றோர் வாய்திறவார். அந்த வாய்திறவாமையின் நடுவில் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் உல்ரிக்கே.

மார்பர்க்கிலும் மியூன்சுட்டரிலும் பல்கலைக்கழகக் கல்வி பயின்றார். 1958இல் அணுப்படைக்கலன்களுக்கு எதிராக மாணவர் எழுந்தபோது முன்வரிசையில் நின்றார். அடுத்த ஆண்டில், தடைசெய்யப்பட்டிருந்த பொதுவுடைமைக் கட்சியில் மறைவாகச் சேர்ந்தார்; 'கொன்கிரெட்டு' என்னும் இடதுசாரி இதழில் எழுதத் தொடங்கினார்; சில ஆண்டுகளில் அதன் முதன்மை ஆசிரியருமானார். 1964 வரை அவ்விதழுக்குக் கிழக்குச் செருமனியிலிருந்து மறைவாகப் பணம் வந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆயினும் அவருடைய எழுத்தின் வன்மை அந்தப் பணத்தால் வந்ததன்று. தெளிவால் வந்தது, துணிவால் வந்தது.

1961இல் ஒரு கட்டுரை எழுதினார். இட்லரைப் பற்றி முன்தலைமுறை விடைசொல்ல வேண்டியிருப்பதுபோல், அன்றைய படைத்துறை அமைச்சர் இசுட்ராவுசைப் பற்றி இத்தலைமுறையும் விடைசொல்ல நேரும் என எச்சரித்தார். அமைச்சர் மானக்கேட்டு வழக்குத் தொடுத்தார். உல்ரிக்கேவுக்காக வாதாடியவர் குசுதாவு ஐனமன் என்னும் வழக்குரைஞர். பின்னாளில் 1969இல் நாட்டின் குடியரசுத் தலைவரானவர். அமைச்சரின் வழக்குத் தோற்றது. ஒரு பெண்ணின் எழுதுகோல், ஒரு படைத்துறை அமைச்சரை எதிர்த்து நின்று வென்றது! இளைஞர்களே, இந்நிகழ்ச்சியை உள்ளத்தில் இருத்துங்கள். பின்னர் இதனை நினைக்க வேண்டிவரும்.

அவ்வாண்டிலேயே இதழின் உரிமையாளர் உரோலை மணந்தார். 1962இல் இரட்டைப் பெண்மக்கள் பிறந்தனர். அதையொட்டி மூளையில் அறுவை நிகழ்ந்தது. மண்டையோட்டினுள் சிறு மாழைக் கவ்வி ஒன்று பொருத்தப்பட்டது. 1968இல் மணமுறிவு ஏற்பட்டது. மக்களோடு மேற்குப் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்.

இதற்கிடையில் நாடு கொதித்தது. 1967 சூன் 2ஆம் நாள் ஈரான் மன்னரின் வருகையை எதிர்த்துப் பெர்லினில் ஊர்வலம் நடந்தது. பென்னோ ஓனசோர்க்கு என்னும் மாணவரைக் காவலர் ஒருவர் தலையிற் சுட்டுக் கொன்றார். மாணவர் கையில் ஒரு கல்லும் இல்லை. சுட்டவரை வழக்குமன்றம் விடுவித்தது. அக்காவலர் கிழக்குச் செருமனியின் மறைவுக் காவல்துறைக்கு உளவாளியாயிருந்தவர் என்பது 2009இல்தான் வெளிப்பட்டது. 1968 ஏப்பிரலில் மாணவர் தலைவர் உரூடி துட்சுக்கே சுடப்பட்டார். பதினோராண்டுகளுக்குப் பின் அக்காயத்தின் விளைவாலேயே மாய்ந்தார். எதிர்ப்பைச் சொல்வது போதாது, தடுத்து நிறுத்தவும் வேண்டும் என்னும் கருத்தில் உல்ரிக்கே அப்போது எழுதினார். அவர் எழுத்து வாயிற்படியைத் தாண்டத் தொடங்கியது.

அந்நாளிலும் அவர் கையில் அரிய பணியொன்று இருந்தது. வீடற்ற, ஏழைப் பெண்பிள்ளைகளை அடைத்துவைத்த அரசுக் காப்பகங்களுக்கு அவர் நேரிற் சென்றார். பூட்டிய அறைகளையும், அடியையும், ஒறுப்பையும் கண்டார். அப்பிள்ளைகளின் வாய்மொழியைக் கேட்டார். 'பம்பூலே' என்னும் பெயரில் தொலைக்காட்சிப் படத்துக்குக் கதை எழுதினார். சிறைப்பட்டோர் வழக்கில் கலகம் என்பது அதன் பொருள். படம் முடிந்தது. 1970 மே 24ஆம் நாள் நாடு முழுவதும் காட்டப்படும் என்று நாளும் குறித்தாயிற்று.

அந்நாளுக்குப் பத்து நாள் முன்னர், மே 14ஆம் நாள், நடந்தது என்ன?

பிராங்குபர்ட்டுக் கடைகளுக்குத் தீவைத்த குற்றத்துக்காக ஆந்திரியாசு பாடர் என்பவர் சிறையில் இருந்தார். குமுகாயத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட இளைஞர்களைப் பற்றி உல்ரிக்கேவுடன் சேர்ந்து நூலெழுதப் போவதாகச் சொல்லி, காவலோடு பெர்லினில் ஒரு நூலகத்துக்கு அவர் கொண்டுவரப்பட்டார். நூல் என்பது பொய். படைக்கலன் ஏந்தியோர் உள்ளே புகுந்தனர். அங்குப் பணியாற்றிய முதியவர் ஒருவரின் கல்லீரலிற் குண்டு பாய்ந்தது. பாடரும் மற்றவரும் பலகணி வழியே குதித்தோடினர். உல்ரிக்கேவும் குதித்தார். முதியவர் எப்படியோ உயிர்பிழைத்தார். உல்ரிக்கே என்னும் எழுத்தாளர் பிழைக்கவில்லை.

தேடப்படும் குற்றவாளி எழுதிய படத்தை எந்தத் தொலைக்காட்சி காட்டும்? மே 24ஆம் நாள் வந்தது, படம் வரவில்லை. எந்தப் பிள்ளைகளின் குரலை நாடு கேட்கவேண்டுமென அவர் உழைத்தாரோ, அந்தக் குரலை அடைத்தது அவர் குதித்த குதியே! கதையின் எழுத்துவடிவம் மறு ஆண்டில் நூலாக வந்தது. படமோ 1994ஆம் ஆண்டு வரை, 24 ஆண்டுகள் பெட்டியில் உறங்கியது. அப்பிள்ளைகள் அதற்குள் நடுத்தர அகவையை எட்டியிருப்பர்.

சில நாள்களிலேயே அவர் பேசி ஒலிப்பதிவு செய்த கருத்துகளை ஒரு பெரிய இதழ் வெளியிட்டது. சீருடை அணிந்தவன் மாந்தனல்லன், பன்றியே என்றும், அவனைச் சுடலாம் என்றும் அதிற் கூறியிருந்தார். அறிவுசான்ற அவையோரே, இங்கே சற்று நில்லுங்கள். யூதரை மாந்தரல்லர் என்றும், நச்சுப்பூச்சிகள் என்றும் முதலிற் சொல்லால் ஆக்கிவைத்த பிறகன்றோ நாசியர் நச்சுப்புகை அறைகளைக் கட்டினர்? அந்தச் சொல்லை எதிர்த்து எழுதவந்த பெண், அதே வகைச் சொல்லைத் தம் வாயால் சொன்னார். கொள்கை வேறு, சினத்தின் ஊற்று வேறு, சொல்லின் அச்சு மட்டும் ஒன்றே. பயனில சொல்லாமைக்கும் இனியவை கூறலுக்கும் சொல்வன்மைக்கும் வள்ளுவப் பேராசான் ஏன் தனித்தனியே இடம் வகுத்தார் என்பது இவ்விடத்தில் விளங்கும். மாந்தனை மாந்தன் எனச் சொல்ல மறுத்த நாளிலேயே துமுக்கியின் விசை பாதி இழுபட்டுவிடுகிறது.

பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. 'செம்படைப் பிரிவு' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்ட அக்குழுவினர், 1970ஆம் ஆண்டுக் கோடையில் யோர்தான் சென்று பலத்தீனப் போராளிகளிடம் படைப்பயிற்சி பெற்றனர். ஏழு அகவை நிரம்பிய இரட்டைப் பெண்மக்கள் தாயைப் பிரிந்து இத்தாலியின் சிசிலித் தீவில் மறைத்துவைக்கப்பட்டனர். இசுடெபான் அவுசுட்டு என்னும் இதழாளர் அவர்களை மீட்டுத் தந்தையிடம் சேர்த்தார். பிறர் பிள்ளைகளின் காப்பகத் துயரைக் கண்டு உருகிய தாய்க்குத் தம் பிள்ளைகள் அயல்நாட்டில் அலைந்தது தெரியாமற் போயிற்றா?

1972 மே திங்களில் குண்டுகள் வெடித்தன. வியத்நாம் போருக்கு எதிரென்று சொல்லிப் பிராங்குபர்ட்டிலும் ஐடல்பெர்க்கிலும் அமெரிக்கப் படையகங்களைத் தாக்கினர், நால்வர் மாண்டனர். ஆம்பர்க்கில் இசுப்பிரிங்கர் இதழ் நிறுவனத்துக்குக் குண்டு வைத்தனர். அந்நிறுவனத்தின் இதழ்கள் மாணவர்மீது வெறுப்பை வளர்த்தன என்பது உண்மையே. ஆயினும் குண்டிற் காயமுற்றோர் யாவர்? உரிமையாளர் அல்லர், அங்கே கூலிக்கு உழைத்த தொழிலாளரும் பணியாளரும் ஆவர்! யாருக்காகப் படைக்கலன் எடுத்தனரோ, அவர்தம் உடலிலேயே குண்டின் சில்லுகள் பாய்ந்தன.

அவ்வாண்டு சூன் 15ஆம் நாள், அனோவர் நகரையடுத்த ஒரு வீட்டில் உல்ரிக்கே தளைப்படுத்தப்பட்டார். காவல்துறைக்குச் செய்தி தந்தவர் இடதுசாரி எண்ணமுடைய பள்ளியாசிரியர் ஒருவரே. மக்கள் தம்மை மறைத்துக் காப்பர் என அக்குழுவினர் நம்பியிருந்தனர். மக்களிடம் பேசுவதை விட்டவர்க்கு மக்கள் கதவைத் திறந்துவைப்பரோ? தளைப்பட்டவர் அவரேதான் என்பதை மண்டையோட்டுக் கவ்வியைக் கொண்டே உறுதிசெய்தனர். அவ்வளவு மெலிந்து உருமாறியிருந்தார்.

அரசின் பக்கத்தையும் அறத்தின் தராசில் நிறுத்தே பார்க்கவேண்டும். கொலோன் நகரச் சிறையில் சுற்றிலும் ஆளில்லாத, ஓசை எட்டாத தனிப்பகுதியில் அவரை ஏறத்தாழ எட்டுத் திங்கள் அடைத்துவைத்தனர். வெள்ளைச் சுவர், ஓயாத ஒளி, மாந்தக் குரல் இல்லை. சொல்லால் வாழ்ந்த ஒருவரிடமிருந்து சொல்லையே பறித்தனர். மயக்கமருந்து தந்தேனும் அவர் மூளையை ஆராய 1973இல் முனைந்தனர். எதிர்ப்பு வலுக்கவே கைவிட்டனர். சிறைக்கொடுமையை எதிர்த்து உண்ணாநோன்பிருந்த தோழர் ஓல்கர் மைன்சு, 50 நாள்களுக்குமேல் கிடந்து 1974 நவம்பர் 9ஆம் நாள் மாண்டார். ஆறடி உயர்ந்த அவ்விளைஞரின் எடை அப்போது 39 கிலோ. மறுநாளே பெர்லினில் திரெங்குமான் என்னும் தலைமை நடுவரை மற்றொரு குழுவினர் அவர் வீட்டு வாயிலிற் சுட்டுக் கொன்றனர். சாவுக்குச் சாவு விடையாயிற்று. எந்தக் கேள்விக்கு அது விடை?

1975 மே 21ஆம் நாள் இசுட்டாம்கைமில் அவ்வழக்குக்கென்றே கட்டிய மன்றத்தில் உசாவல் தொடங்கியது. குற்றஞ்சாட்டப்பட்டோர் இல்லாமலே வழக்கை நடத்தவும் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. ஓராண்டு நிறையுமுன் அந்த மே 9 வந்தது. தற்கொலை என்றது அரசு. ஐயமுற்றுப் பன்னாட்டார் குழுவொன்று தனியே உசாவி, அம்முடிவை ஏற்கமறுத்தது. அலுவல்முறை முடிவு இன்றுவரை தற்கொலை என்பதே. பெர்லினில் நடந்த இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தனர்.

அவ்வளவோடும் விட்டார்களா? உடலாய்வின்போது அவர் மூளையை எடுத்து, வீட்டார்க்குச் சொல்லாமலே ஆய்வுக்கென வைத்துக்கொண்டனர். அது 2002இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு இறுதியில்தான் எரியூட்டிப் புதைத்தனர். சொல் எங்கே பிழைத்தது என்பதை மூளைச் சதையிலே தேடியவரின் அறிவை என்னென்பது!

வன்முறை அவரோடு முடியவில்லை. 1977இல் தொழிலதிபர் சிலையர் கடத்திக் கொல்லப்பட்டார். பாடரும் தோழர் இருவரும் சிறையில் மாண்டுகிடந்தனர். 1998 ஏப்பிரலில் செம்படைப் பிரிவு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அதற்குள் 30க்கு மேற்பட்டோர் அக்குழுவாற் கொல்லப்பட்டிருந்தனர். அவர்கள் எதிர்த்த அரசோ, புதிய சட்டங்களோடும் பெருத்த காவல்துறையோடும் முன்னினும் வலிதாய் நின்றது.

இளைஞர்களே! உல்ரிக்கேவின் சினம் பொய்ச்சினம் அன்று. ஏழைப் பெண்பிள்ளைகளுக்காகக் கசிந்த அவ்வுள்ளம் பொய்யுள்ளம் அன்று. அமைச்சரை வென்ற 1961ஆம் ஆண்டின் எழுதுகோலை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்த வெற்றியில் ஒருவர்க்கும் ஒரு கீறலும் இல்லை. தோற்றவரும் வழக்குமன்றத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே போனார். துமுக்கி ஏந்திய ஆண்டுகளில் அவர் பெற்ற வெற்றி என ஒன்றையேனும் யாராலும் எடுத்துக்காட்ட இயலுமா? சொல்லால் போராடுவோர் களைப்படைவர்; கேட்பாரில்லை எனச் சோர்வர்; விரைந்த வழி வேண்டும் எனத் துடிப்பர். அச்சோர்வு வரும் நாளே ஆய்வு நாள். அந்நாளில் பகைவனையும் மாந்தன் என்று சொல்லும் சொல் நாவில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருக்குமாயின் எழுதுகோல் கையைவிட்டு நழுவாது.

1994இல் அந்தப் படம் காட்டப்பட்டபோது, காப்பகப் பிள்ளைகள் பேசினர், நாடு கேட்டது. எழுதியவர் மட்டும் இல்லை.

வாழ்க தமிழ்! வெல்க அறம்!